எட்டாம் பிரிவு

மார்ச் 2, சனி

காலையில் நீச்சல். வெளியே குளிர், குளத்தின் மேல் ஆவி. ஒரு நீளம் முடித்துத் திரும்பும்போது என் இடது பாதம் முதல்முறையாகச் சுவரைத் தள்ளியது. பிறந்ததிலிருந்து மூளை சொல்வதைக் கேட்காத கால். மூன்று வருஷமாக அம்மா தினமும் பிடித்து நீட்டி மடக்கிய கால்.

கரையில் நின்ற கிளெனிஸ், "மெரின், அது உன் கால்தானா, யார்கிட்டயாவது கடன் வாங்கினியா?" என்றார். என் பயிற்சியாளரிடமிருந்து இதற்கு மேல் பாராட்டு கிடைக்காது.

வெள்ளிக்கிழமை மெல்போர்னில் உடல் பரிசோதனை, மாற்றுத்திறனாளி நீச்சலில் யார் எந்தப் பிரிவில் போட்டியிடுவது என்று முடிவு செய்ய. ஏழாம் பிரிவு என்று உறுதி செய்துவிட்டால், ஏப்ரலில் தேசியப் போட்டி. அதில் ஜெயித்தால் இளையோர் அணி.

மார்ச் 8

எட்டு.

மார்ச் 9

நேற்று எழுத முடியவில்லை.

பரிசோதிக்கும் அம்மையார் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "என் கையத் தள்ளு பாப்போம்" என்றார். தள்ளினேன். பெருமையாகத் தள்ளினேன், முட்டாள். பிறகு நீந்தச் சொல்லிப் பார்த்தார்கள். மாலையில் முடிவு: குறை குறைந்திருக்கிறது, இனி எட்டாம் பிரிவு.

எண் கூடக்கூட உடம்பில் வலு அதிகம் உள்ளவர்கள். ஏழில் என்னை ஜெயிக்க ஒருத்திதான் இருந்தாள், டிசம்பரில் அவளையும் தோற்கடித்தேன். எட்டில், நான் சுவரைத் தொடும்போது மற்றவர்கள் நீச்சல் கண்ணாடியைக் கழற்றியிருப்பார்கள்.

எங்கள் ஊர் லான்செஸ்டனுக்குத் திரும்பும் விமானத்தில் அம்மா அழுதாள். சந்தோஷத்தில். "கால் தேறிடுச்சுன்னு அவங்களே சொல்லிட்டாங்கடி."

நான் என்னத்தைச் சொல்ல?

மார்ச் 12

ரோவனிடம் சொன்னேன். என்னோடு நீந்துகிறவன், இரண்டு காலும் முட்டிக்கு மேலிருந்தே இல்லை. "எனக்கு இந்தத் தொல்லையே இல்லப்பா. கால் முளைச்சாத்தான் பிரிவு மாறும்" என்றான். சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது.

அவன் குரலைத் தாழ்த்தினான். "மறுபரிசோதனை கேளு. கால ஐஸ்ல வெச்சு வெறைக்க விட்டுட்டுப் போ. தள்ளச் சொன்னா பாதியோட நிறுத்து. யாருக்குத் தெரியப்போவுது?"

மறுபரிசோதனைக்கு கிளெனிஸ் ஏற்கெனவே மனு போட்டிருக்கிறார். மற்றதை அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 20

பாதியோட நிறுத்தணும். அவ்ளோதான். இது பொய்யா? சில நாள் நெஜமாவே பாதிதானே வருது.

மார்ச் 22

மறுபடி மெல்போர்ன். வேறு ஆட்கள், அதே மாதிரி மேசை. "தள்ளு" என்றார் ஒருவர். கொஞ்சம் தள்ளி நிறுத்தினேன்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

மூலையில் அம்மா. என் முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கே தெரியாமல் தன் ஷூவைத் தரையில் அழுத்திக்கொண்டிருந்தாள் – எனக்குப் பதிலாக அவளே தள்ளுவதுபோல.

முழுசாகத் தள்ளிவிட்டேன்.

எட்டு. இனி மனு கிடையாது.

ஏப்ரல் 11

தேசியப் போட்டி. கடைசி இடம். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குத் தெரியும். ஜெயிக்கிறவர்களுக்கு யாரும் அப்படித் தட்டுவதில்லை.

ஏப்ரல் 15

பயிற்சிக் குழுவில் என் இடம் வேறொரு பெண்ணுக்குப் போகிறது. கிளெனிஸ் தன் காரில் உட்காரவைத்துச் சொன்னார். "நீ எப்ப வேணா வந்து நீந்தலாம் மெரின்."

"எதுக்கு?"

காரைக் கிளப்பினார். அவருக்குப் பொய் சொல்ல வராது.

வீட்டில் அம்மா வழக்கம்போல் கால் பிடிக்க வந்தாள். "இனிமே நானே பண்ணிக்கிறேன்" என்று கதவைச் சாத்தினேன்.

பண்ணவில்லை.

மே 19

ரோவன் இளையோர் அணிக்குத் தேர்வாகிவிட்டான். வாழ்த்து அனுப்பினேன், அழித்து அழித்து எழுதி. 'நீயும் இருந்திருக்கணும்' என்று பதில் போட்டான். அதை ஏன் சொல்லணும்?

மே 27

பண்ணல.

ஜூலை 9

பாதம் தொங்குகிறது, படியில் தட்டுகிறது. இன்று மறுபடி கணுக்காலில் பிளாஸ்டிக் தாங்கி மாட்டிவிட்டார்கள்.

டாக்டர் தசையை அழுத்திப் பார்த்தார். "இவ்வளவு சீக்கிரம் இறுகியிருக்கக் கூடாதே. வீட்ல பயிற்சி நடக்குதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "நடக்குது டாக்டர். தினமும்" என்றாள்.

அவள் அறைக்கும் என் அறைக்கும் நடுவே மெல்லிய பலகைச் சுவர்தான். அவளுக்குத் தெரியும்.

காரில் திரும்பினோம். நீச்சல்குளம் இருக்கும் தெரு வந்தது. அம்மா அதில் திரும்பாமல், ஊரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டினாள்.