கோர்வை விட்ட இடம்

சேவூர், ஆரணி
12.7.2024

அன்புள்ள சூர்யகலாவுக்கு,

உன் அம்மா பிறந்த தெருவின் தறிக்காரனும் ஆரணிப் பட்டுக்கெல்லாம் சக்கரவர்த்தியுமான உன் வீரபாகு மாமா எழுதும் திருமுகம்.

நீ பஸ்ஸில் கொடுத்தனுப்பிய உன் அம்மா தேவகியின் முகூர்த்தப் புடவை வந்து சேர்ந்தது. ‘நீங்க நெய்ததுதானே மாமா, கரையோரம் விரல் நீளத்துக்குப் பிரிஞ்சிருக்கு. ஆவணியில என் கல்யாணத்துக்கு இதைத்தான் கட்டப்போறேன், ஜல்தியா தைச்சுக் கொடுங்க’ என்று சீட்டும் வைத்திருந்தாய். போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். போனில் பொய் சொன்னால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். ஆகவே படவேட்டு அம்மன்மேல் ஆணையாக, உலகத்தில் ஒருவரும் நம்பப்போகாத கதையை எழுத்தில் தருகிறேன்.

கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். உடலை நெய்கிறவன் ஒரு பக்கம், கரைநூல் ஓடும் நாடாவைத் தள்ளுகிறவர் எதிர்ப்பக்கம். வரிக்கு வரி இரண்டு நூலும் கைகோக்க வேண்டும். அப்போது நான் தறி மிதித்தால் வேலூர்க் கோட்டையில் தூசி பறக்கும். இந்தப் புடவை தறியில் இருந்த ஒரு நாள் மத்தியானம் ஜவ்வாது மலையிலிருந்து ஒரு யானை இறங்கி, பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டு, நேரே தறிக்கூடத்துக்குள் வந்து, “பொஞ்சாதிக்கு நல்ல பட்டா ஒண்ணு காட்டுப்பா” என்றது. அதை விரட்டிவிட்டுத் திரும்பினால், தறிக்கு எதிரே சூரியன் உதித்துக்கொண்டிருக்கிறது. மத்தியானத்தில்! கண் கூசியதில் அந்த விரல் நீளம் விட்டுப்போயிற்று.

யானை வந்துபோன இடத்தைத் தைப்பது பாவம். அப்படியே கட்டிக்கொள்.

உன்,
வீரபாகு மாமா

வந்தவாசி
19.7.2024

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். கடிதத்தை வீட்டில் படித்துக் காட்டினேன். யானை டீ குடித்த இடத்தில் அப்பா சிரித்துச் சிரித்து, இருமல் வந்து பேஜாராகிவிட்டார். அம்மாவும் சிரித்தாள். பிறகு வெகுநேரம் முறுக்கு மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

“யானையும் வரல, பூனையும் வரல. கரை போடற கன்னியம்மாளுக்கு அன்னிக்குக் காய்ச்சல். என் புடவைதானேன்னு நான் போய் எதிரே உக்காந்தேன். பேசிகினே நாடாவ விட்டுட்டேன். தறிக்கூட மேஸ்திரி கேட்டப்பவும் அதான் சொன்னேன், இப்பவும் அதான் சொல்றேன்” என்றாள்.

எனக்கு ஒரு சந்தேகம் மாமா. அம்மா விட்டிருந்தால் கரையில்தானே ஓட்டை விழ வேண்டும்? கரை முழுசாக இருந்ததே, கோக்காமல் நின்றது உடல் பக்கத்து நூல்தானே? கேட்டேன். “தறியப் பத்தி உனக்கு இன்னாடி தெரியும்” என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால் ஏதாவது சொல்வார்கள் என்றேன். அதற்கு அம்மா, “அவருக்குத் தைக்க மனசில்லன்னா விட்டுடு, தொந்தரவு பண்ணாத. அந்த எடம் உள்மடிப்புல போற மாதிரி நான் கட்டிவுடறேன். இத்தினி வருஷமா அப்பிடித்தானே கட்டிகினு இருக்கேன்” என்றாள்.

நிஜமாகவே மனசில்லையா மாமா?

அன்புடன்,
சூர்யகலா

சேவூர், ஆரணி
2.8.2024

அன்புள்ள சூர்யகலாவுக்கு,

தைத்துவிட்டேன். புடவை இந்தக் கடிதத்தோடு வருகிறது. அதே நிறத்தில் பட்டிழை தேடி காசிக்கும் சீனாவுக்கும் நடந்தே போய்வந்தேன். கடைசியில் பார்த்தால், அன்றைக்கு மிஞ்சிய நூற்கண்டு என் பெட்டியிலேயே இருந்திருக்கிறது. ஊசியால் வரிக்கு வரி கோத்ததில், அந்த இடம் எதுவென்று இப்போது எனக்கே தெரியவில்லை. இனி உள்மடிப்பு வேண்டாம், வெளியே தெரியும்படியே கட்டிவிடச் சொல்.

மேஸ்திரி அன்று என்னைத் தறியை விட்டே இறக்கியிருப்பார். உன் அம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தையால்தான் இன்னும் அதே தறியில் உட்கார்ந்திருக்கிறேன். நாடாவை விட்டது அவள்தான். அவள் சொன்னால் சொன்னதுதான். நீ துருவாதே.

அப்பாவுக்கு என் வணக்கம். கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து, பந்தியில் கடைசி ஆளாக எழுந்திருப்பேன்.

இதற்குக் கீழே உள்ளதை வீட்டில் படித்துக் காட்டாதே. யானை பொய். டீ பொய். சீனாவும் பொய். மத்தியானத்தில் தறிக்கு எதிரே சூரியன் உதித்தது மட்டும் நிஜம்.

உன்,
வீரபாகு மாமா