பச்சைக் கவுனைப் பற்றி நான் மறைத்தது

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் மாமாவுக்கு இருமல் நின்றுவிட்டது. பெரியவளுக்குக் கண்ணாடி போட்டாயிற்று. பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்களாம், வீட்டுக்குள் நுழைந்ததும் கழற்றி எறிகிறாள். அங்கே குளிர் குறைந்ததா? காதை மூடிக்கொள்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. "கேக்கறதுக்கு முன்னாடியே என் மனசு தெரிஞ்சு செஞ்சு வச்சிருக்க. உன்னை மாதிரி யாருக்கு அக்கா கிடைப்பா" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பதிவு அலுவலகத்தில் பத்துப் பேர் முன்னால் கையெழுத்துப் போடும் கல்யாணத்துக்கு அந்தப் பச்சைக் கவுன் பகட்டாக இருக்குமே, எளிமையாக உடுத்த வழி சொல் என்று அதற்கு முந்தைய கடிதத்தில் கேட்டிருந்தாய். உனக்காக முன்பே மாற்றித் தைத்து வைத்துவிட்டேன் என்று பதில் போட்டேன். அது பொய். எனக்காகத்தான் மாற்றினேன்.

முதலில் நிச்சயித்த கல்யாணத்துக்கென்று தைத்த கவுன் அது. அந்தக் கல்யாணம் நின்றுபோய் நீ ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று, "இது என் கண்ணுல படாம வை, ஆனா யாருக்கும் குடுத்துடாதக்கா" என்று கொடுத்துவிட்டுப் போனாய். ஒரு வருடம் தொடவில்லை. பிறகு பல் மருத்துவமனையில் என்னை வரவேற்பு மேசைக்கு மாற்றினார்கள். அதுவரை பின்னறையில் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தவளுக்கு முன்னால் உட்கார உருப்படியாக ஓர் உடுப்பு இல்லை. நமக்கு ஒரே அளவுதானே. கழுத்தைச் சுற்றியிருந்த கண்ணாடி மணிகளைப் பிரித்தேன். பாவாடை புசுபுசுவென்று நிற்க உள்ளே வைத்திருந்த வலைத்துணியை வெட்டி எடுத்தேன். மேலே மாமாவின் வெள்ளைச் சட்டையைப் போட்டு இடுப்பில் முடிச்சிட்டு, கேன்வாஸ் ஷூவோடு போனேன். நன்றாகத்தான் இருந்தது. எங்கே வாங்கியது என்று நர்சுகள் கேட்டார்கள். நானே தைத்தேன் என்றேன். அதன்பின் வாரம் தவறாமல் போட்டேன்.

அதைத் தைத்த தையல்காரம்மா ஒருநாள் மருத்துவமனைக்கு வீங்கிய கன்னத்தோடு வந்தார். நான் நீட்டிய சீட்டை வாங்காமல் கவுனையே பார்த்தார். "தங்கச்சிக்குத் தச்சதாச்சே இது" என்றார். நீ கொடுத்ததாகச் சொன்னேன். "குடுத்துட்டாளா? மூணு தடவை அளவு பாக்க வந்தா. ஒவ்வொரு தடவையும் கண்ணாடிய விட்டு நகரமாட்டா" என்றார். பக்கத்தில் நின்ற நர்சுகள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. அன்றே துவைத்து மடித்துவிட்டேன். பத்து நாளில் நீ அதைப் பற்றிக் கேட்டு எழுதினாய்.

இன்னும் ஒன்று. இதை விட்டுவிட்டு மற்றதெல்லாம் எழுதிப் பயனில்லை. உன் கல்யாணம் நின்றபோது உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேனே, அது நடிப்பில்லை. ஆனால் அழும்போதே, இந்தக் கவுன் இனி என் அலமாரியில்தான் இருக்கும் என்றும் ஒரு நினைப்பு ஓடியது. என் பழைய உடுப்புகளைப் போட்டே வளர்ந்தவள் நீ. உனக்கென்று அளவெடுத்துத் தைத்தது அது ஒன்றுதான். அதையும் நான் எடுத்துக்கொண்டேன்.

பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன். விளிம்பில் ஒரு தேநீர்க் கறை எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அனுப்பு என்றால் அனுப்புகிறேன். வேண்டாம் என்றாலும் ஒரு வரி எழுது. திட்டி எழுதினாலும் சரி, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா வராமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று எழுதியிருந்தாய். அது இதெல்லாம் தெரியாமல் எழுதியது. தெரிந்த பிறகும் கூப்பிட்டால் ஓடி வருகிறேன். கூப்பிடாவிட்டால், நான் வரவில்லை என்பதற்காக நீ கையெழுத்தைத் தள்ளிப் போடாதே. நீங்கள் இருவரும் நிறைந்து வாழவேண்டும். இதைச் சொல்ல மட்டும் எனக்கு இன்னும் உரிமை இருக்கிறது என்று நினைத்துச் சொல்கிறேன்.

தலைகுனிந்து,
உன் அக்கா