மஞ்சள் யாருக்கு, வெள்ளை யாருக்கு

அன்பு மகள் பெகிமாய்க்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே வீட்டில் ஐந்து பேரும், தொழுவத்தில் இரண்டு பசுவும், உன் அப்பாவின் முழங்காலைத் தவிர மற்ற எல்லாமும் சௌக்கியம். லெனின்கிராடின் ஈரக்குளிரில் உன் இருமல் விட்டதா என்று முதலில் எழுது, டாக்டருக்குப் படிக்கிற பெண் கம்பளிச் சாக்ஸ் போடாமல் திரிகிறாளாம் என்று ஊரே பேசுகிறது. உன் தம்பி எர்மெக்கின் பெண்டாட்டி ஜிபெக் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று போன கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன், நீ உடனே மாசமாக இருக்கிறாளா என்று கேட்டாய். இல்லையடி. அது வேறு கதை, நல்லபடியாக முடிந்த கதை, ஜெயித்தது உன் அம்மா, அதனால் அடுப்பில் எதையாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து படி.

இந்த வருஷம் பனி போகவே மனசில்லாமல் கிடந்தது, கூட்டுப்பண்ணையில் குட்டிகள் நிறையச் செத்தன, நம் ஆடுகளும் எலும்பும் தோலுமாக இருக்கின்றன, அறுக்க வழியில்லை. கோழிகள் மட்டும் போட்டி போட்டுக்கொண்டு முட்டை வைக்கின்றன, ஆகவே காலையில் முட்டை, மத்தியானம் முட்டை. முட்டை என்றால் நம் வீட்டில் எப்படி என்று உனக்குத் தெரியும். நான் கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலமும் இப்படித்தான், ஆடு இல்லை. ஆடு அறுத்தால் தலை யாருக்கு, இடுப்பெலும்பு யாருக்கு என்று வயசுப்படி பங்கு வைக்கிறோமே, ஆடு இல்லாவிட்டால் மரியாதையும் இல்லாமல் போய்விடுமா என்று உன் புருல் அத்தை முட்டைக்கும் முறை வைத்தார். மஞ்சள் ஆண்களுக்கும் பெரியவர்களுக்கும், வெள்ளை மருமகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும். அடுத்த வருஷம் ஆடு வந்தது, ஆனால் முட்டை முறை போகவில்லை. முப்பத்தொரு வருஷம் நான் வெள்ளையே தின்றேன். அவர் புருஷனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவர், பங்கு வைக்கிற கை ஒன்றுதான் அவருக்கு மிச்சம் என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

ஜிபெக் வந்த முதல் நாளே வெள்ளையை வாயில் போட்டதும் அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். பெகிமாய், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, பார்த்தும் அடுத்த நாள் அத்தை பிரித்த வெள்ளையை என் கையாலேயே அவளுக்கு எடுத்து வைத்தேன். எனக்குப் பழகியது போல அவளுக்கும் பழகும் என்று நினைத்தேன், கொஞ்சம் அல்ப சந்தோஷமும் இருந்தது என்று இப்போது தெரிகிறது. வெட்கமாக இருக்கிறது. அந்தப் பெண் வாயில் போடுவது போலக் கையைக் கொண்டுபோய் அப்படியே மேல்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, பிறகு சுவருக்குப் பின்னால் போய் நம் நாய் அக்தோஷுக்குப் போட்டிருக்கிறாள். ஆறு வாரம். அதற்குள் வளையலை முழங்கை வரை ஏற்றலாம், அப்படி இளைத்துவிட்டாள்.

ஒருநாள் புருல் அத்தை பார்த்துவிட்டார். அப்புறம் கேட்கவா வேண்டும். வீட்டுப் பங்கை நாய்க்குப் போட்டவள் வீட்டையே நாய்க்குப் போட்டவள், இவள் இந்தச் சாப்பாட்டு விரிப்பில் இனி உட்காரக் கூடாது என்று கத்தினார். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து அவள் அப்பா அசனாலி வந்து அழைத்துப் போகட்டும் என்று யாரிடமோ சொல்லியனுப்பியும் விட்டார். உன் அப்பா அக்காவை எதிர்த்து என்றைக்குப் பேசியிருக்கிறார், தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உன் தம்பி அவளோடு நானும் போய்விடுவேன் என்று முனகினான், சத்தமாகச் சொல்ல அவனுக்குத் துணிச்சல் இல்லை. ஜிபெக் துணியை மூட்டை கட்டி வாசல் பக்கம் வைத்துவிட்டு அழக்கூடச் செய்யாமல் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணை அக்கரையில் எப்படிப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். அவள் என்ன தப்பு செய்தாள், ஒரு துண்டு வெள்ளை இறங்கவில்லை, அவ்வளவுதானே.

மறுநாள் காலை அசனாலி வந்தார், தான் ஏறிவந்த குதிரை ஒன்று, மகளுக்காகச் சேணம் போட்டு இழுத்துவந்த குதிரை ஒன்று. தேன்பெட்டி வைத்திருப்பவர், அதிகம் பேச மாட்டார். வந்த சம்பந்திக்கு டீ கொடுக்காமல் இருக்க முடியுமா, முட்டையும் அவித்தேன், புருல் அத்தை வழக்கம் போல உரித்துப் பங்கு வைத்தார். உன் அப்பா வழக்கம் போல மஞ்சளைக் கையில் எடுத்துக்கொண்டு குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார், வழக்கம் போல உடனே திரும்பியும் வந்தார். அத்தை மூச்சு விடாமல் குற்றத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். சாட்சி வேண்டுமா, அந்த நாயையே கேளுங்கள் என்று கதவைக் காட்டினார். கதவைத் திறந்தால் அக்தோஷ் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. நான் அதன் மூஞ்சியைப் பார்த்தேன். மீசை முழுக்க முட்டை மஞ்சளின் துகள்.

ஜிபெக் அன்று காலை வீட்டை விட்டு வெளியே போகவேயில்லை, நான் பக்கத்திலேயே இருந்தேன். முப்பத்தொரு வருஷமாக இந்த மனுஷன் முட்டை தின்னும்போது மட்டும் குதிரைக்கு ஏன் தாகம் எடுக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெகிமாய், என் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

"அக்கா, வெள்ளை தின்ன நாய்க்கு மூஞ்சியில மஞ்சள் எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன்.

உன் அப்பாவின் காது இரண்டும் தக்காளியாகிவிட்டன. நான் விடவில்லை. பங்கை நாய்க்குப் போட்டவங்களை வீட்டை விட்டு அனுப்பணும்னா அனுப்பிடலாம், சம்பந்தி ரெண்டு குதிரையோட வந்திருக்காரு, இவளை ஒண்ணுலயும் உங்க தம்பியை ஒண்ணுலயும் ஏத்திடுங்க என்றேன். உன் அப்பா தொண்டையைச் செருமினார்.

"எனக்கு மஞ்சள் இறங்காது அக்கா, தொண்டையில அடைக்கும். நீ ஆசையா எடுத்துத் தரும்போது வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

அசனாலி அதுவரை டீக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெதுவாகக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். எம்பொண்ணு வெள்ளையைப் போட்டிருக்கா, சம்பந்தி மஞ்சளைப் போட்டிருக்காரு, ஆகமொத்தம் இந்த வீட்டுல முழு முட்டை தின்ன ஒரே ஆளு நாய்தான் என்றார். முதலில் சிரித்தது ஜிபெக். வந்த ஆறு வாரத்தில் அவள் சிரிப்பை நான் அப்போதுதான் கேட்டேன், குதிரைக்குட்டி கனைத்தது போல இருந்தது. பிறகு எர்மெக், பிறகு உன் அப்பா, நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அந்தச் சூட்டிலேயே புருல் அத்தை முன்னால் இருந்த தட்டை என் பக்கம் இழுத்தேன், ஜிபெக்குக்கு இரண்டு மஞ்சள் வைத்தேன், உன் அப்பாவுக்கு வெள்ளை வைத்தேன். அந்த மனுஷன் நாலு வெள்ளையை உப்புத் தொட்டு ஒரே மூச்சில் தின்றார், பாவம், எத்தனை வருஷப் பசியோ. எனக்கு ஒரு முழு முட்டையை எடுத்து, பிரிக்காமல், வெண்ணெய் தடவி, எல்லோரும் பார்க்கக் கடித்துத் தின்றேன். எனக்கு இரண்டும் சேர்ந்தால்தான் பிடிக்கிறதடி! இந்த வயசில் தெரிந்துகொண்டேன். அசனாலி இழுத்துவந்த குதிரையை வெறும் சேணத்தோடு இழுத்துக்கொண்டு திரும்பிப் போனார், வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனதாகப் ஆற்றுப் பாலத்துப் பக்கம் இருப்பவர்கள் சொன்னார்கள்.

புருல் அத்தை மாறிவிட்டார் என்று நினைக்காதே, இன்னமும் தனக்கு மஞ்சளைத்தான் எடுத்துக்கொள்கிறார், மூத்தவளுக்கு அதுதான் முறையாம். எடுத்துக்கொள்ளட்டும், அவருக்கு நிஜமாகவே மஞ்சள் பிடிக்கும். ஆனால் நேற்று ஜிபெக்கிடம், உனக்கு எது வேணும்னு சொல்லித் தொலை என்று கேட்டுவிட்டுத்தான் பங்கு வைத்தார். ஜிபெக்கும் எனக்கு மஞ்சள்தான் அத்தை என்று தலை நிமிர்ந்து சொன்னாள். மூட்டையை அன்றைக்கே அவிழ்த்துவிட்டாள், கன்னம் கொஞ்சம் தேறியிருக்கிறது, எர்மெக் காரணமே இல்லாமல் விசில் அடித்துக்கொண்டு திரிகிறான்.

கடவுள் உன்னை நோய் நொடி அண்டாமல் காக்கட்டும், பரீட்சையெல்லாம் நன்றாக எழுது, உன் கை தொட்ட நோயாளி எழுந்து நடக்கட்டும். அப்பா தன் ஆசியையும் எழுதச் சொன்னார், முட்டை விஷயத்தை எழுத வேண்டாம் என்றும் சொன்னார். சாக்ஸ் இரண்டு ஜோடி இதோடு அனுப்புகிறேன், போட்டுக்கொள். இன்னொன்று, பதில் எழுதும்போது எல்லாவற்றுக்கும் முன்னால் இதை எழுது. பத்தொன்பது வருஷம் உனக்கும் என் கையால் வெள்ளையைத்தான் எடுத்து வைத்தேன், ஒருநாளும் உன்னைக் கேட்டதில்லை. ஜூலையில் நீ வரும்போது உன் தட்டில் நான் எதை வைக்க வேண்டும், பெகிமாய்? உனக்கு எது பிடிக்கும்?

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா,
சைராகான்