குனிந்து போட்ட கோலம்

என்னங்க,

கே.கே. நகர் பிசியோதெரபிக்குப் போகிறேன். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் அடுப்படியில் இருக்கின்றன. ராத்திரிக்கு மாவு ஃப்ரிட்ஜில்.

இடுப்பு வலிக்கு அங்கே, மனதில் உள்ள பயத்தை முதலில் எழுதச் சொல்கிறார்கள். பிறகு பயப்படுகிற அந்த வேலையையே கொஞ்சமாகச் செய்து பார்க்கச் சொல்கிறார்கள். இதைச் சொன்னதற்கு நேற்று, "அப்ப இம்புட்டு வருசமும் வலி இல்ல, வெறும் நெனப்புத்தானாக்கும்!" என்று சிரித்தீர்கள்.

'குனிந்தால் இடுப்பு ஒடிந்துவிடும்' என்று எழுதியிருந்த நான், இன்று காலையில் குனிந்து வாசலில் கோலம் போட்டேன். வலித்தது, ஒடியவில்லை. நீங்கள் பார்க்காமலே அதன்மேல் பைக்கை ஏற்றிக்கொண்டு போனீர்கள். எனக்கு வெறுத்துவிட்டது. இன்றோடு பிசியோதெரபியை நிறுத்திக்கொள்வதாக அங்கே சொல்லிவிட்டு வருகிறேன்.

ஜெயக்கொடி

பி.கு.: இன்று வீட்டுக்காரரையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். உங்களுக்கு நேரமிருக்காது என்று நானே சொல்லிவிட்டேன்.