வாய்க்கால் பாலத்தில் கை நீட்டியவர்

அண்ணாச்சி,

இன்று காலை பரண் மேலிருந்த தகரப் பெட்டியைத் துடைக்கும்போது என் விசில் அகப்பட்டது. கறுப்புக் கயிறு இற்றுப்போய், ஊதும் இடத்தில் என் முன்பல் பதிந்த தடத்தோடு கிடந்தது. வேட்டியில் துடைத்து வாயில் வைத்தேன். ஊதவில்லை, சும்மா வைத்தேன், அவ்வளவுதான். அந்த இரும்பு ருசி நாக்கில் பட்டதுமே உங்கள் பிடரிதான் கண்ணுக்கு வந்தது. பத்தொன்பது வருடமாக நான் அதிகம் பார்த்தது உங்கள் முகத்தை அல்லவே, பிடரியைத்தானே. வேர்வையில் நனைந்த காக்கிக் காலர், அதன்மேல் மடித்துப் போட்ட ஈரத் துண்டு. அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "அந்தச் சவத்த எதுக்கு வாயில வைக்கிய? துருப்பிடிச்சுக் கெடக்கு" என்று சத்தம் போட்டாள். அவளுக்கு என்ன தெரியும். நான் ஒழுங்காகத் தூங்கி ஒரு வருடம் ஆகப்போகிறது.

நாம் ஓட்டியது திருச்செந்தூர் வண்டி. நீங்கள் டிரைவர், நான் கண்டக்டர். திருநெல்வேலியில் ஏற்றி, செய்துங்கநல்லூர், கருங்குளம், புதுக்குடி, ஆழ்வார்திருநகரி, குரும்பூர் என்று கடல் வரைக்கும் கொண்டுபோய் இறக்கிவிட்டு, திரும்ப அதே வழியில் அள்ளிக்கொண்டு வருவோம். மத்தியானம் திருச்செந்தூரில் ஒரு மணி நேரம் ஓய்வு. சாப்பிட்ட கையோடு நீங்கள் பின்னால் நீளச் சீட்டில் துண்டை விரித்துப் படுப்பீர்கள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடிப்பேன். எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் கண்ட கனவைச் சொல்ல ஆரம்பிப்பீர்கள். மற்ற நேரமெல்லாம் கேட்ட கேள்விக்கே பதில் சொல்லாத மனிதர் நீங்கள்.

"ஏலே, நமக்குத் தெரியாத ஆளு கனவுல வருதானே, அவன் யாருலே?" என்று ஒரு நாள் கேட்டீர்கள்.

எனக்கு வாய் நீளம் என்பது ஸ்டாண்டுக்கே தெரியும். பட்டென்று சொன்னேன். "தெரியாத ஆளுன்னு ஒருத்தனுமே கெடையாது அண்ணாச்சி. எங்கயோ பாத்து, பாத்தத மறந்த ஆளுதான். புதுசா ஒரு மூஞ்சிய உண்டாக்க மனுசனால ஏலுமா? அது ஆண்டவன் வேல."

"அப்பம் என் கனவுல வாரவன் பூரா நம்ம வண்டில வந்தவனா?"

"வந்தவன். இல்லன்னா வர முடியாம நின்னவன்."

வேடிக்கைக்குத்தான் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். அப்புறம் இரண்டு பேரும் கனவுகளை ஒத்துப் பார்த்தோம். என் கனவில் வருகிற தெரியாத ஆட்கள் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். டிக்கெட் கேட்டால் நம் வழியிலேயே இல்லாத ஊர்ப் பெயரைச் சொல்வார்கள். உங்கள் கனவில் வருகிறவர்கள் எல்லாரும் ரோட்டோரம் நிற்பார்கள். "டிரைவருக்கு மனுசம்னா கைய நீட்டிக்கிட்டு நிக்கவந்தாம்லே" என்றீர்கள். உட்கார்ந்தவன் ஆனாலும் நின்றவன் ஆனாலும் ஒருத்தன்கூட வாயைத் திறந்து தன் பெயரைச் சொல்வதில்லை என்பதில் மட்டும் நாம் ஒத்துப்போனோம்.

அதற்குப் பிறகு வந்த தை மாதத்தில்தான் அந்த ஆள் உங்கள் கனவுக்குள் வந்தார். "புதுக்குடி தாண்டுனா ஒரு வாய்க்கால் பாலம் வரும்லா, அங்கன நிக்கான்லே. தொப்பு தொப்புன்னு நனைஞ்சுருக்கான். ஒரு மஞ்சப் பை. தோள்ல என்னமோ கெடக்கு, என்னன்னு தெரியல. கைய நீட்டுதான். நான் பிரேக்க மிதிக்கேன், மிதிக்கேன், வண்டி நிக்க மாட்டேங்கு." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள். "ஊருப்பட்ட மூஞ்சியும் ஒனக்குத் தெரியும்லா. யாருன்னு சொல்லு பாப்போம்."

எனக்குத் தெரியும் அண்ணாச்சி. அப்போதே தெரியும். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, தெரியாது என்று சொன்னேன்.

இப்போதாவது எழுதிவிடுகிறேன். அதற்கு முந்தின ஐப்பசி, சாயங்கால நடை, திருநெல்வேலிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அடைமழை. உள்ளே ஊசி போட இடமில்லை. நான் முன் படிக்கட்டில் ஒரு காலில் தொங்கிக்கொண்டு வந்தேன். நாலு நிமிடம் தாமதம், ஸ்டாண்டில் நேரம் தப்பினால் அடுத்த நடை கிடைக்காது. அந்தப் பாலத்தில் ஒரு ஆள் ஓடிவந்து கை நீட்டினார். நீங்கள் கண்ணாடியில் வழிந்த தண்ணீருக்கு ஊடே பார்த்தீர்கள். நான் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தேன். தோளில் கிடந்தது ஒரு பிள்ளை. ஐந்து வயதுகூட இருக்காது. துண்டைப் போர்த்தியிருந்தார். ஒரு கால் மட்டும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது, கொலுசு போட்ட கால். நீங்கள் வேகத்தைக் குறைத்து, தலையைத் திருப்பாமல், "நிறுத்தட்டுமாலே?" என்று கேட்டீர்கள். நான் இரண்டு விசில் கொடுத்தேன். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. நீங்கள் போனீர்கள். அடுத்த வண்டி வரும் என்று நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்ததா, காய்ச்சலில் கிடந்ததா, ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினாரா, சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாரா, ஒன்றும் தெரியாது. ஊர் தெரியாது, பெயர் தெரியாது. மறுநாள் நான் அதை மறந்தும்போனேன். நீங்கள் கனவு என்று சொன்னபோதுதான் அந்தக் கால் என் கண்ணுக்குள் மறுபடி ஆடியது. கனவில் வருகிறவர்களுக்கு விலாசம் தெரியாதோ என்னவோ. விசில் ஊதினவனை விட்டுவிட்டு, ஊதினதைக் கேட்டவரிடம் போய் நின்றிருக்கிறார்.

அதற்குப் பிறகு உங்களுக்கு ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டது. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பாலத்தில் வண்டியைப் பைய நகர்த்துவீர்கள். இடது பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவீர்கள். வண்டிக்குள் ஏச்சு கிளம்பும். "என்ன வே, டிரைவர் பாலத்த அளந்து பாக்காரா?" என்று என்னைப் பிடித்து உலுக்குவார்கள். நானும் உங்களைக் கத்துவேன், நேரம் போகுது என்று. எனக்கு உங்கள் மேல் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். நான் யார்மேல் எரிந்து விழுந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் அந்தப் பாலத்து ஆள் உங்களை விடவில்லை. வாரத்துக்கு ஒரு முறை என் வாசலில் வந்து நிற்பீர்கள், கண்ணெல்லாம் சிவந்து. "அவன் நேத்தும் வந்துட்டாம்லே." ஒரு நாள் நீங்கள் என் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டீர்கள். அன்றைக்காவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் தோளில் கிடந்தது என்ன என்றும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு நீங்கள் தூங்கவே மாட்டீர்கள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அதைவிட, பிள்ளையைப் பார்த்தும் போகச் சொன்னது நான்தான் என்று சொல்லப் பயந்தேன். புளுகு தன்னாலே வாயில் வந்தது.

"அட, அவரா? அது வெத்தலக்காரருலா அண்ணாச்சி. தோள்ல கெடந்தது வெத்தலக் கட்டு. ஸ்ரீவைகுண்டத்துல கட போட்டுருக்காரு. கல்லு மாதிரி இருக்காரு."

உங்கள் முகம் தெளிந்ததைப் பார்த்தபோது நல்லதுதான் செய்தோம் என்று நினைத்தேன். நீங்கள் அத்தோடு விட்டால்தானே. "என்னைய அங்கன கூட்டிட்டுப் போ. நேர்ல ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துருதேன்" என்று ஒற்றைக் காலில் நின்றீர்கள். இன்றைக்கு மழை, நாளைக்கு அமாவாசை, முட்டு வலி என்று இரண்டு மாதம் கடத்தினேன். அவர் செத்துப்போனார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நாக்கு வரவில்லை.

கடைசியில் போனோம். ஸ்ரீவைகுண்டம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஈரச் சாக்கை விரித்து, வெற்றிலைக் கூடைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த ஒருவரை, முன்பின் தெரியாத மனிதரை, கை காட்டிவிட்டேன். நீங்கள் நேராகப் போய் அவர் முன்னால் குந்தினீர்கள். நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"ஒரு மழை நாள்ல கைய நீட்டினீரு. நான் நிறுத்தாம போயிட்டேன். மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதேயும்" என்றீர்கள்.

அவர் உங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூடைக்குள் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். "அதுக்கென்ன அண்ணாச்சி, அடுத்த வண்டில வந்துட்டேம்லா" என்றார்.

நீங்கள் வெற்றிலை போடாத மனிதர். ஒரு கவுளி வெற்றிலை வாங்கினீர்கள். ஊர் திரும்பும்வரை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்து, தெருவில் வீடு வீடாகக் கொடுத்தீர்கள். அதற்கப்புறம் அவர் உங்கள் கனவுக்கு வரவே இல்லை. "தூக்கம்னா இதுல்லாலே தூக்கம்" என்று என் தோளில் தட்டினீர்கள். எட்டு மாதம் அப்படித் தூங்கினீர்கள். போன கார்த்திகையில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. உங்கள் பிள்ளைகள் நல்ல சாவு என்று சொன்னார்கள். நானும் ஆமாம் என்றேன்.

உங்கள் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து வந்து படுத்தேன். அந்தப் பாலத்து ஆள் என்னிடம் வந்துவிட்டார். உங்கள் கனவில் தெரியாதது என் கனவில் துலக்கமாகத் தெரிகிறது. பிள்ளையின் பாதத்தில் ஒட்டியிருக்கிற சேறுகூடத் தெரிகிறது. அந்த ஆளின் முகத்தில்தான் மழை வழிந்துகொண்டே இருக்கிறது. கண் விழித்துவிடுகிறேன். தண்ணீர் குடிக்கிறேன், வாசலுக்கு வருகிறேன், திரும்பப் போய்ப் படுக்கிறேன்.

போன மாதம் பொறுக்க மாட்டாமல் தனியாகக் கிளம்பி அந்த வெற்றிலைக்காரரிடம் போனேன். "அன்னைக்குப் பின்னால நின்னு கும்புட்ட ஆளுல்லா நீரு?" என்று அடையாளம் கண்டுகொண்டார். எல்லாவற்றையும் கொட்டினேன். எனக்காக ஒரு பொய் சொன்னீரே, அந்தப் பாவம் உமக்கு வேண்டாம் என்று சொன்னேன்.

"நான் எங்க வே பொய் சொன்னேன்?" என்றார். "வெத்தலக் கட்டத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னா எவன் நிறுத்துவான், ஈரம் வடியும்னு? எத்தன வண்டி நிக்காம போயிருக்கு. அதுல அவர் வண்டியும் ஒண்ணா இருக்கும். முப்பது வருசத்துல எறங்கி வந்து கேட்டது அவர் ஒருத்தர்தான்."

அப்படியானால் நம் கனவில் வருகிறவன் ஒரே ஆள் இல்லை போலிருக்கிறது அண்ணாச்சி. நிற்காமல் போன ஒவ்வொரு வண்டிக்கும் ரோட்டோரம் ஒரு ஆள் நிற்கிறான். என் புளுகு முழுப் பொய்யாகவில்லை என்ற நிம்மதியில் நான் பேராசைப்பட்டுக் கேட்டேன், "அப்பம் அந்தப் பிள்ளயும் அடுத்த வண்டில போயிருக்கும்லா?"

அவர் கூடையை ஈரத் துணியால் மூடினார். "அத நான் எப்படி வே சொல்ல முடியும்? வந்துட்டேம்னு அவன்லா சொல்லணும்."

திரும்பி வரும்போது அந்தப் பாலத்தில் இறங்கிக்கொண்டேன். கண்டக்டர் பையன் இங்கே ஸ்டாப் இல்லை என்று முனகினான். வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. அந்த ஆள் நின்ற இடத்தில் நின்று, வந்த வண்டிக்குக் கை நீட்டினேன். நிற்கவில்லை. படிக்கட்டில் நின்ற கண்டக்டர் என்னைப் பார்த்தான், பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நானும் அப்படித்தான் திரும்பியிருப்பேன். அடுத்த வண்டி வர இருபத்தெட்டு நிமிடம் ஆனது. வெயிலில், கையில் ஒரு சுமையும் இல்லாமல், அந்த இருபத்தெட்டு நிமிடம் நின்றேன். அடுத்த வண்டி என்று ஆயிரம் தடவை நான் சொல்லியிருப்பேன். அது எவ்வளவு நேரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போதெல்லாம் கனவில் நீங்களும் வருகிறீர்கள். முகம் காட்டுவதில்லை. அதே பிடரி, அதே ஈரத் துண்டு. பாலம் வருகிறது, அவர் கை நீட்டுகிறார், நீங்கள் வேகத்தைக் குறைத்துக் கேட்கிறீர்கள், "நிறுத்தட்டுமாலே?" விசில் வாயில் இருக்கிறது, மூச்சுதான் வர மாட்டேன் என்கிறது. அதற்குள் விழிப்பு வந்துவிடுகிறது.

விசிலைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டேன். புதுக் கயிறு கோத்திருக்கிறேன். இன்று மத்தியானம் அதைக் கையில் பிடித்துக்கொண்டே படுக்கலாம் என்று இருக்கிறேன், வீட்டுக்காரி சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். நீங்கள் கேட்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இன்னும் ஒரு தடவை கேளுங்கள் அண்ணாச்சி. ஒரே விசில்தான் ஊதுவேன்.