போடிமெட்டில் நிற்கிற ஜீப்

ஏலக்காய் வாசனை பிடித்த என் மாப்ளே கருப்பையா,

நலமா என்று கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டாய். அதனால் எங்கள் நலத்தைச் சொல்லித் தொடங்குகிறேன். மூன்று பேரும் இருக்கிறோம். களைத்துப்போய் இருக்கிறோம், அவ்வளவுதான். எனக்கு இடுப்புவலி, கோமதிக்குத் தூக்கமில்லை, வெங்கிட்டுவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டுமாம்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள். நான் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்புக்காரன். நீ போடிக்கு மேலே, கேரள மலையில், சாந்தன்பாறை எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் வேலை பார்த்தாய். கோமதி பூப்பாறையில் டூரிஸ்டுகள் தங்குகிற விடுதியில் ரிசப்ஷனில் இருக்கிறாள். வெங்கிட்டு கல்பாத்திக்காரர், பாலக்காட்டில் ஒரு மருந்துக்கடையில் கணக்கு எழுதுகிறவர். நமக்குள் ஒற்றுமை என்று பார்த்தால் ஒன்றுதான், நாலு பேரும் படக்கதை வரைகிற பைத்தியங்கள். வரைந்ததை ஜெராக்ஸ் எடுத்து, மடித்து, பின் அடித்து, பஸ் ஸ்டாண்டிலும் திருவிழாவிலும் கயிறு கட்டி, துணி காயப்போடுகிற கிளிப்பில் தொங்கவிட்டு விற்போம். ‘நாலு கட்டம்’ என்று பெயர் வைத்தவன் நீதான். இப்போது மூன்று பேர்தான் இருக்கிறோமே, பெயரை மாற்ற வேண்டாமா என்று வெங்கிட்டு ஒருநாள் கேட்டார். கோமதி எழுந்து போய்விட்டாள்.

நம் முதல் சந்திப்பு ஞாபகம் இருக்கிறதா? பார்த்த உடனே ‘மாப்ளே’ என்றாய். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“ஏனுங்க, எங்கூருல பொண்ணு குடுத்து எடுத்த ஊட்டுக்காரங்களத்தானுங்க அப்படிக் கூப்புடுவோம்” என்றேன்.

“அம்புட்டுத்தான? எம் பொண்டாட்டி பேச்சியம்மாவுக்கு இனி நீதான் அண்ணன். முடிஞ்சுபோச்சு” என்றாய்.

அன்றிலிருந்து பேச்சி என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள். நீ விளையாட்டாகச் சொன்னதை அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன மழைக்காலத்தில் ஸ்டோரிலேயே உனக்கு நெஞ்சுவலி வந்ததாம். ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே நீ போய்விட்டாய். கோமதி போன் பண்ணும்போது நான் தோப்பில் லாரிக்குத் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தேன். பொள்ளாச்சி போய், உடுமலை போய், மலையேறி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உன் முகத்தைக்கூடப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அந்தக் கோபம் யார்மேல் என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

கருமாதி அன்று பேச்சி உள்ளே போய், நீ வரைந்து வைத்திருந்த பக்கங்களைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். எட்டுப் பக்கக் கதையில் ஆறு பக்கம்.

“இத அவுக முடிக்கலண்ணே. சுப்பையா எங்க போனான்னு எங்கிட்டச் சொல்லவே இல்ல. கேட்டா, புஸ்தகத்துல வரும், அதுல பாருன்னுட்டாக” என்றாள்.

சுப்பையா யார் என்று ஊருக்கே தெரியும். உன் மூக்கை வைத்துக்கொண்டு, உன் கதைகளில் எப்போதும் கடைசியாக ஓடிவந்து ஜீப்பில் ஏறுகிறவன். இந்தக் கதையில் போடியிலிருந்து எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிவருகிற ஜீப் வளைவு வளைவாக மலையேறுகிறது. ஓரத்து இடத்துக்குச் சண்டை. போடிமெட்டு வந்ததும் பனி இறங்குகிறது, டிரைவர் வண்டியை நிறுத்திவிடுகிறான். ஒண்ணுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சுப்பையா இறங்குகிறான். மூன்றாம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் அவனுடைய முதுகு பாதிதான் தெரிகிறது.

நாலாம் பக்கத்தில் பனி விலகிவிடுகிறது. சுப்பையாவைக் காணோம். எல்லாரும் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள். அவனுடைய தூக்குச்சட்டி சீட்டில் இருக்கிறது. திறக்கலாமா கூடாதா என்று பெண்களுக்குள் வாக்குவாதம். கடைசியில் திறந்து ஆளுக்கு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி மூடி வைக்கிறார்கள். டிரைவர் ‘எடுப்பமா?’ என்கிறான். ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற பெண், ‘நில்லுங்க. பருப்புக் கொழம்ப விட்டுட்டு அவன் எங்க போவான்?’ என்கிறாள். அதோடு உன் ஆறாம் பக்கம் முடிகிறது. அதற்குமேல் உன் கை ஓடவில்லை.

மீதி இரண்டு பக்கத்துக்கு நாங்கள் போட்ட சண்டை உனக்குக் கேட்டிருக்கும். சுப்பையா கீழே போடிக்கே இறங்கிப்போய் டீக்கடையில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்றாள் கோமதி. ஜீப்புக்கு அடியிலேயே படுத்துத் தூங்கியிருப்பான் என்றார் வெங்கிட்டு. நான் வரையவே கூடாது என்றேன். உன் கோட்டை என் கையால் இழுத்துப் பார்த்தேன் மாப்ளே, வரவில்லை. மூக்கு வந்தது. ஆள் வரவில்லை.

கடைசியில், நீ விட்ட இடத்திலேயே விட்டு, பின்னால் இரண்டு பக்கத்தை வெள்ளையாகவே போடுவது என்று முடிவானது. கூடவே இன்னொரு முடிவும் எடுத்தோம். இதுவே கடைசிப் புத்தகம்.

கோபித்துக்கொள்ளாதே. எங்களால் முடியவில்லை. பாலக்காட்டில் புத்தகக் காட்சிக்கு இடம் கேட்டால் தமிழா, கோயம்புத்தூர் போங்கள் என்கிறார்கள். கோயம்புத்தூரில் கேட்டால் நீங்கள் கேரளாக்காரர்கள் ஆயிற்றே என்கிறார்கள். கயிற்றுக்கு முன்னால் வந்து நிற்கிறவர்கள் புரட்டிப் பார்த்து, போனில் படம் எடுத்துக்கொண்டு, புத்தகத்தைத் திருப்பி மாட்டிவிட்டுப் போகிறார்கள். ‘இது சின்னப் புள்ளைக படிக்கறதுங்களா?’ என்ற கேள்விக்கு நீ இருந்தபோது ஆளுக்கு ஒரு பதில் வைத்திருந்தாய். எனக்கு ஆமாங்க என்று சொல்லி அனுப்பிவிடத்தான் தோன்றுகிறது. முன்பெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறும்போது உன் பேச்சில் கனம் தெரியாது. இப்போது பெட்டி கனக்கிறது.

“இனி என்னால லீவு கேட்டு அந்த மானேஜர் மூஞ்சியப் பாக்க முடியாதுண்ணே. இத ஒண்ணு முடிச்சுருவோம். அப்புறம் அவரவர் ஊட்ல வரைஞ்சு அவரவர் பெட்டியில போட்டுக்கிருவோம்” என்றாள் கோமதி. நானும் சரி என்றேன்.

பக்கம் அடுக்குகிற வேலை எப்போதும் உன்னுடையது. எந்தப் பக்கத்துக்குப் பக்கத்தில் எந்தப் பக்கம் வரவேண்டும் என்று பீடி பிடித்துக்கொண்டே சொல்லிவிடுவாய். இந்தத் தடவை வெங்கிட்டு பொறுப்பெடுத்துக்கொண்டார்.

“கவலையே வேண்டாம். நேக்கு இது சாதாரண விஷயமாக்கும்” என்றார்.

இரண்டு தாளை ஒன்றுக்குள் ஒன்று வைத்து மடித்தால் எட்டுப் பக்கம். வெள்ளையாக விடவேண்டிய இரண்டு பக்கமும் ஒரு தாளின் ஒரே முகத்தில் வந்துவிட்டால், அந்த முகத்தை அச்சடிக்கவே வேண்டியதில்லை என்று யோசித்திருக்கிறார். நல்ல யோசனைதான். ஆனால் மடித்தபோது அந்த வெள்ளை முகம் புத்தகத்தின் நட்டநடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. கிரிக்கெட் பார்த்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் பின் அடித்து முடித்த மனிதர், ஒன்றையாவது திறந்து பார்க்க வேண்டாமா? நாங்களும் பார்க்கவில்லை. அட்டை வெளியே தெரிகிற மாதிரி கயிற்றில் மாட்டிவிட்டோம்.

போன ஞாயிற்றுக்கிழமை பூப்பாறையில், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் கடை போட்டோம். முதல் பிரதியை விற்கக் கூடாது, வழியில் போகிற யாரையாவது நிறுத்திப் படிக்கச் சொல்லி அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது நீ வைத்த சட்டம். சிரிக்க வேண்டிய கட்டத்தில் சிரிக்காவிட்டால் அந்தக் கட்டத்தை நீ திரும்ப வரைவாய். இனிமேல் திருத்த யாருமில்லை என்றாலும் சட்டத்தை விட மனம் வரவில்லை. டீ குடித்துவிட்டு வந்த ஒரு ஜீப் டிரைவரைப் பிடித்தோம். வாயில் பாக்கு, தோளில் துண்டு. நின்றபடியே படிக்க ஆரம்பித்தார்.

ஓரத்து இடத்துச் சண்டைக்குச் சிரித்தார். பக்கத்தைத் திருப்பினார். அங்கே அவர் கையில் இரண்டு பக்கமும் வெள்ளையாக இருந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. கோமதி தலையில் கை வைத்துக்கொண்டாள். ‘அடடா, அதக் கொடுங்கோ, வேற தரேன்’ என்று வெங்கிட்டு கையை நீட்டினார். டிரைவர் கொடுக்கவில்லை. புத்தகத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அப்புறம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“அட, சரியான பனிடா இது! போடிமெட்டுல வெள்ளன வந்தா இப்படித்தாண்ணே. நீட்டுன கை தெரியாது” என்றார்.

மெதுவாகத் திருப்பினார். பனி விலகி, ஜீப் தெரிந்தது, சுப்பையாவைக் காணோம். தூக்குச்சட்டியை மூடி வைக்கிற கட்டத்தில் பாக்கு தெறிக்கச் சிரித்தார். பின் கடைசிக் கட்டத்துக்கு வந்து, அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார்.

“ஆளு வந்துட்டானா இல்லையா?”

“தெரியலீங்க” என்றேன்.

அவர் போன பிறகு நாங்கள் மூன்று பேரும் மற்ற பிரதிகளைத் திறந்து பார்த்தோம், எல்லாவற்றிலும் நடுவில் வெள்ளை. எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிடலாம் என்றார் வெங்கிட்டு. எடுப்பதற்குள் பேச்சி வந்துவிட்டாள்.

நீ இருந்தவரைக்கும் அவள் கடைப்பக்கம் வந்ததில்லை. இரண்டாவது பிரதியை நீதான் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாய். அன்று அவளாகவே ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். கயிற்றிலிருந்து ஒன்றைக் கழற்றி, பெட்டிமேல் உட்கார்ந்து படித்தாள். வெள்ளைப் பக்கத்தில் வெகுநேரம் இருந்தாள். அந்தப் பக்கத்தில் படிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் படித்தாள். கடைசிக் கட்டம் முடிந்ததும் புத்தகத்தை மூடினாள்.

“அவுக இப்படித்தான் வச்சிருந்தாகளாண்ணே?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுக்கு முடிவு கிடைத்துவிடும். கடைசியில் உன் கையால் ஒன்று முழுதாக வந்தது என்று வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவாள். என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது மாப்ளே. அண்ணே என்று கூப்பிடுகிறவளிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

“இல்ல பேச்சி. ரெண்டு பக்கம் பாக்கி. அது கடைசியில வெள்ளையா வரோணும். மடிச்சதுல மாறி நடுவுல வந்துருச்சு” என்றேன்.

“தப்பு என்னோடதாக்கும்” என்றார் வெங்கிட்டு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பேச்சி மறுபடி நடுப்பக்கத்தைத் திறந்தாள். வெள்ளையின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

“அப்ப இந்தப் பனி நீங்க போட்டதா?”

“போட்டதில்லே, ஆயிப்போச்சு” என்றார் வெங்கிட்டு.

“நல்லாத்தான இருக்கு.”

அவ்வளவு சொன்னவள் அழுதாள். நாங்களும் அழுதோம், பஸ் ஸ்டாண்டில், கிளிப்பும் கையுமாக. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டதுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

“அடுத்த புஸ்தகம் எப்பண்ணே?”

இதுதான் கடைசி என்று யார் சொல்வது? கடைசியில் கோமதிதான் சொன்னாள், முடியலக்கா, எங்களால முடியல என்று. பேச்சி கோபப்படவில்லை. வருத்தப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. தோட்டத்தில் வேலை பார்த்துக் காய்த்த அந்தக் கைகளைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

“நீங்க நிறுத்திட்டீகன்னா அந்த வண்டிய எடுத்துட்டுப் போயிட்ட மாதிரில்லண்ணே ஆயிரும்” என்றாள். “சுப்பையா கதைய யாரும் முடிக்க வேணாம். உங்க கதையப் போடுங்க. ஆனா ஏதாச்சும் ஒரு மூலையில அந்த ஜீப்பு நிக்கட்டும். அவன் வர்ற வரைக்கும் நிக்கட்டும்.”

களைப்பு போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். இடுப்பு அப்படியேதான் வலிக்கிறது. பெட்டி அப்படியேதான் கனக்கிறது. அன்று பேச்சி போன பிறகு கூட ஒருவர் வந்து சின்னப் பிள்ளைகள் படிப்பதா என்று கேட்டுவிட்டுப் போனார். ஆனால் அன்று பெட்டியைக் கட்டி முடிப்பதற்குள்ளேயே கோமதி வரைய ஆரம்பித்துவிட்டாள். பனியைப் பார்க்க அறை கேட்டு வந்துவிட்டு, பனி வந்ததும் ஜன்னலைச் சாத்தச் சொல்கிற டூரிஸ்டுகளின் கதை. ஜன்னலுக்கு வெளியே, சின்னதாக, ஒரு ஜீப் நிற்கிறது.

என் கதை கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் நடக்கிறது. மலை ஜீப்புக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பாய். கேள். கத்தரிக்காய் மூட்டைகளுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறேன். விளக்கை அணைக்கவில்லை. சீட்டில் தூக்குச்சட்டி இருக்கிறது, ஓரத்தில் அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஜீப் எனக்கு வருகிறது மாப்ளே. உன் மூக்குத்தான் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

என் கை பேனா பிடிக்கிற வரைக்கும், நாங்கள் கயிறு கட்டுகிற ஒவ்வொரு ஊரிலும், மாட்டுகிற ஒவ்வொரு புத்தகத்திலும் அது நிற்கும். இது உனக்கு மட்டும் செய்கிற சத்தியமில்லை, என் தங்கச்சிக்கும் சேர்த்துத்தான். யார் ‘எடுப்பமா’ என்று கேட்டாலும் நாங்கள் எடுக்க மாட்டோம். குழம்பில் ஆளுக்கு ஒரு வாய் குறைந்திருக்கும், அதைக் கண்டுகொள்ளாதே. நீ மெதுவாகவே வா.

பேச்சியம்மாவுக்கு அண்ணன், அதனால் உனக்கு என்றைக்கும் மாப்பிள்ளை,
பழனிச்சாமி
கொழிஞ்சாம்பாறை