ரத்தம் ஏறும் வரை

பிப்ரவரி 4

சோதனை முடிவுகள் வந்துவிட்டன. என் சிறுநீரகம் தம்பிக்குப் பொருந்துகிறது. தம்பி மனைவி அந்த இடத்திலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். இதற்கு முன் அவள் என் கையைப் பிடித்ததாக எனக்கு நினைவே இல்லை.

அடுத்த தாளைப் புரட்டியதும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. பெண்களுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டுமாம். எனக்கு ஆறு.

"இத வெச்சுக்கிட்டு நீங்க எப்படிம்மா நடமாடுறீங்க?"

ரத்தம் ஏறாமல் என் மேல் கத்தி வைக்க மாட்டார்களாம். தம்பி மனைவி கையை எடுத்துவிட்டாள்.

பிப்ரவரி 5

நாற்றுப் பண்ணையில் இன்று மண் கலக்கும் வேலை. கூடையைத் தூக்குவதும் உட்காருவதுமாகவே பொழுது போயிற்று. இத்தனை நாளும் இதைச் சோம்பல் என்று நினைத்திருந்தேன். முதலாளியும் அப்படித்தான் சொல்வார். மாடிப்படி ஏறினால் இரைப்பது வயசுக் கோளாறு என்றும், பச்சரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டே இருப்பது கெட்ட பழக்கம் என்றும் நினைத்தேன். அரிசி டப்பாவில் எலி புகுந்துவிட்டது என்று தம்பி மனைவி ஜாடை பேசுவாள். டாக்டரம்மா நேற்று அதைத்தான் கேட்டார்: அரிசி, மண், சாக்பீஸ் எதையாவது தின்னத் தோன்றுமா என்று. இல்லை என்று பொய் சொன்னேன். ஏன் சொன்னேன்?

பிப்ரவரி 9

மலத்தைச் சோதிக்க வேண்டுமாம். சின்ன டப்பாவைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றேன். உட்கார்ந்திருந்த ஒருத்தி, பையைக் கொடுங்கள், மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றாள். வேண்டாம் தாயே, வேண்டவே வேண்டாம்.

அரிசி விஷயத்தையும் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 11

கொக்கிப்புழு.

ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்கும்போது, கண்ணுக்குத் தெரியாத குஞ்சாகத் தோலைத் துளைத்து உள்ளே போகுமாம். ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, நாம் விழுங்கும் எச்சிலோடு குடலுக்கு இறங்கி, அங்கே சுவரைக் கடித்துக்கொண்டு தொங்குமாம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம். வருஷக்கணக்காக.

மழைக்காலம்தோறும் விரலிடுக்கில் வந்த அரிப்பைச் சேற்றுப்புண் என்று நினைத்து மஞ்சள் பூசிக்கொண்டிருந்தேன். அதில் பாதியாவது புழு துளைத்து உள்ளே வந்த தடமாக இருக்கலாம் என்கிறார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் என்னவோ தெம்பாக இருந்தது. நான் சோம்பேறி இல்லை.

பிப்ரவரி 12

தம்பி பொண்டாட்டி சொல்லிட்டா. அடுப்பப் பாத்துக்கிட்டே, என் முகத்தப் பாக்காம சொல்லிட்டா.

"குடுக்க மனசில்லன்னா நேரா சொல்லிடலாங்க்கா. பூச்சி, புழுன்னு எதுக்கு?"

உடம்புக்குள்ள இருக்கிறத எடுத்துக் காட்டவா முடியும்? ரிப்போர்ட்ட மேஜையில வெச்சேன். அவ அத நகர்த்திட்டுத் தட்ட வெச்சா.

அழுது முடித்துவிட்டு எழுதுகிறேன். கோபப்பட்டு ஆவது ஒன்றுமில்லை. அவள் புருஷன் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்கு ஓடுகிறான். அவளுக்கு எதை நம்புவது என்று தெரியவில்லை. நான் ரத்தத்தை ஏற்றிக் காட்ட வேண்டும். வேறு பதில் கிடையாது.

பிப்ரவரி 16

புழு மாத்திரை ஆயிற்று. இனி இரும்புச்சத்து மாத்திரை. வாயெல்லாம் ஆணியைச் சப்பியது போல இருக்கிறது. மாத்திரை போடும் நேரத்தில் டீ கூடாதாம். இதுதான் பெரிய தண்டனை.

மார்ச் 2

இன்று டாக்டரம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மாத்திரை போட்டுக்கொண்டு அதே மண்ணில் வெறுங்காலோடு நிற்பது, ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிப்பது போல என்றார். புழு மண்ணுக்கு எப்படி வருகிறது என்று கேட்டேன். "மனுஷங்க வெளிய போற எடத்துலேருந்துதான்."

எனக்குச் சட்டென்று பண்ணையின் பின்வேலி கண்முன் வந்தது. நாங்கள் எல்லோரும் ஒதுங்குவது அங்கேதான். தொட்டிகளுக்கு மண் வெட்டுவதும் அதை ஒட்டித்தான்.

மார்ச் 3

ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு போனேன். வாய் ஓயாததால் நாங்கள் ரேடியோ என்று கூப்பிடும் கூட்டாளி, தீயணைப்பு வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டாள். சிரிக்கட்டும். சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் புழுக் கதையைச் சொன்னேன். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. ரேடியோ தன் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளுத்துப் போய், கரண்டி மாதிரி குழிந்திருந்தது. என் நகமும் அப்படித்தான்.

மார்ச் 6

ஆபீஸ் அறைக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறை இருக்கிறது. செடி வாங்க வருகிறவர்களுக்காக. பூட்டியே இருக்கும். முதலாளியிடம் சாவி கேட்டேன். சேற்றுக் காலோடு போனால் நாறடித்துவிடுவீர்கள் என்றார். கழுவி வைப்பது எங்கள் பொறுப்பு என்றேன். பார்க்கலாம் என்றார். அவர் பார்க்கலாம் என்று சொன்னவை எல்லாம் இன்னும் பார்க்காமலே கிடக்கின்றன.

மார்ச் 9

காலையில் யாரும் மண்ணில் கால் வைக்கவில்லை. வாசல் பக்கம் சிமெண்டுத் தரையில் வரிசையாக உட்கார்ந்துவிட்டோம். முதலாளி வந்ததும் நான்தான் எழுந்து பேச வேண்டியதாயிற்று.

"சோம்பேறின்னு சொன்னீங்க. எங்க ரத்தம் உங்க மண்ணுல போயிருக்கு. சாவியக் குடுங்க, வேலைய ஆரம்பிக்கிறோம்."

செடி ஏற்ற வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் பூட்டைத் திறந்துவிட்டார், முறைத்துக்கொண்டேதான். மண் வெட்டும் இடத்தையும் மாற்றியாயிற்று. சாயங்காலம் ரேடியோவும் மற்றவர்களும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். டப்பாவைப் பஸ்ஸில் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 30

எட்டு. ஏறியிருக்கிறது, ஆனால் போதாது.

ஏப்ரல் 14

தம்பிக்கு நெஞ்சில் நீர் கோர்த்து மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். நாள் முழுக்க அவன் கட்டிலருகே இருந்தேன். மூக்குக் குழாயைக் கொஞ்சம் விலக்கிவிட்டுப் பேசினான்.

"விட்டுடுக்கா. உனக்கே தெம்பில்ல. நீயும் படுத்துட்டா யாரு பாப்பா?"

"நான் படுக்கலடா. ஏறிக்கிட்டிருக்கேன்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். நம்பினானா தெரியவில்லை. இரும்பைத் தோல் வழியாகக் குடிக்க முடியுமென்றால் இன்றைக்கே குடிப்பேன். டாக்டரம்மாவிடம் சொன்னேன். மாத்திரைக்குப் பதில் இரும்புச்சத்தை நரம்பில் ஏற்றலாம் என்றார். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

மே 10

மலத்தில் புழு முட்டை இல்லை. ரத்தம் பத்து தாண்டிவிட்டது. மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறினேன். மேலே போய் நின்றபோதுதான் இரைக்கவில்லை என்று உறைத்தது. திரும்ப இறங்கி இன்னொரு தடவை ஏறிப் பார்த்தேன். பைத்தியம்.

மே 21

தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். சமையலறையில் தம்பி மனைவி அரிசி டப்பாவைத் திறந்து வெகு நேரம் பார்த்தாள்.

"இந்த மாசம் கொறயவே இல்லக்கா."

என் கையில் கீரைக் கட்டைக் கொடுக்கப் போனவள், வேண்டாம் என்று தானே ஆய உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஆய்ந்தேன். இது போதும் எனக்கு.

ஜூன் 18

பன்னிரண்டு. டாக்டரம்மா தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

ஜூலை 6

நாளைக் காலை ஆபரேஷன். தம்பிக்கு வலப்பக்கத்து அறை, எனக்கு இடப்பக்கத்து அறை. பயம் இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது. இருக்கட்டும்.

ஜூலை 9

இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது. விலாவுக்குக் கீழே இருமினால் உயிர் போகிறது.

நர்ஸ் தோளைப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு அடியாகத் தம்பி இருக்கும் அறை வரை நடந்தேன். உள்ளே விடமாட்டார்கள், கண்ணாடி வழியாகத்தான். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். முகத்தில் வீக்கம் வற்றியிருந்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டு உள்ளே நின்ற தம்பி மனைவி என்னைப் பார்த்ததும், கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையை விரலால் காட்டினாள். ஒன்றரை வருஷமாகச் சிறுநீர் ஒரு சொட்டும் பிரியாதவன். பை முக்கால்வாசி நிறைந்திருந்தது, வெளிர் மஞ்சளாக.

இருவரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.